கசெற்றில் கிடக்கும் குரல்கள்: மோசமாகப் பதிவான குரலைத் திருத்தி இசையோடு சேர்ப்பது எப்படி?

மொன்றியலில் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் அலுமாரியின் மேற்தட்டில் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. அதற்குள் நாலைந்து கசெற்றுகள். மேலே நீல மையால் எழுதிய பெயர் பாதி அழிந்திருக்கும். ஊரில் பல வீடுகளில் தொலைபேசியே இல்லாத காலத்தில், கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் கதைத்து அனுப்பினார்கள். கதைத்து முடிந்த பிறகும் நாடாவில் இடம் மிச்சமிருந்தால் அம்மம்மா ஒரு தாலாட்டோ தேவாரமோ பாடிவிடுவார். இன்று அவர் இல்லை. அவர் இருந்த வீடும் பலருக்கு இல்லை. படங்கள் இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயின. குரல் மட்டும் அந்த நாடாவில் இருக்கிறது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது அந்தக் குரலைத் தேடி வருகிறார்கள். வயலின் படிக்கும் பேத்தி அம்மம்மாவின் பாட்டுக்குத் தான் வாசித்துச் சேர்க்க வேண்டும் என்கிறார். ஒருவருக்கு அது அரங்கேற்றத்துக்கு வேண்டும், இன்னொருவருக்கு ஆண்டுத் திவசத்துக்கு. வார இறுதிகளில் இந்த வேலையைச் சில குடும்பங்களுக்குச் செய்து கொடுத்து வருகிறோம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறோம்.

மொன்றியலுக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு

நாங்கள் வந்து சேர்ந்த இந்த நகரம் ஒலிப்பதிவின் பழைய ஊர்களில் ஒன்று. தட்டு வடிவ இசைத்தட்டையும் கிராமபோனையும் உருவாக்கிய எமில் பெர்லினர், அமெரிக்காவில் வழக்குகளில் சிக்கியிருந்த காலத்தில், 1899இல் மொன்றியலில் தன் தொழிலைத் தொடங்கினார். சென் ஹென்றி பகுதியில் வளர்ந்த அந்தத் தொழிற்சாலை 1924இல் விக்ரர் நிறுவனத்தின் கைக்குப் போய், பின்னர் ஆர்.சி.ஏ. விக்ரர் ஆனது. 1940களில் அங்கே கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்களில் வளைந்த மரப் பலகைகள் பொருத்தப்பட்டன. ஒலி ஒரே இடத்துக்குத் திரும்பி அடிக்காமல் சிதற வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். பெர்லினர் பெயரிலான அருங்காட்சியகமும் அதே கட்டடத்தில்தான் அமைந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுக்கான பட்டமேற்படிப்பு 1979இலேயே தொடங்கிவிட்டது.

பெர்லினரின் தட்டு முறைதான் எங்கள் பக்கத்துக்கும் வந்தது. 1902இல் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். தட்டுகள் ஜேர்மனியின் ஹனோவரில் அச்சடிக்கப்பட்டதால், பாடியவர் யாரென்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டின் முடிவில் அவரே தன் பெயரைச் சொல்வார். பெயரைச் சொல்லும் இந்தப் பழக்கத்துக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்பி வருவோம்.

முதலில் ஒரு நல்ல பிரதி

திருத்தும் வேலையில் பாதி, கணனியைத் திறக்க முன்பே முடிந்துவிடும். கசெற்றை எப்படிப் பிரதி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

கசெற்றின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தகடுகளை முதலில் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் தவறுதலாக அதன்மேல் பதிவு செய்ய முடியாது. நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கி வரும். அப்படியானால் நாடாவை வேறொரு கசெற் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். திருகாணி போட்ட கூடு என்றால் இது எளிது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது கருவியின் தலையையும் கெடுக்கும், அதில் அடுத்துப் போடும் கசெற்றுக்கும் பரவும். 120 நிமிடக் கசெற்றின் நாடா மிக மெல்லியது. அதைச் சும்மா முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

ஓடவிடும் கருவியின் தலையையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழைய காரில் இருக்கும் பிளேயர் இந்த வேலைக்கு உதவாது. ஊரில் பதிந்த கசெற்றுகளில் பெரும்பாலானவை டொல்பி இல்லாமல் சாதாரண ரேப் ரெக்கோடரில் பதிந்தவை. அவற்றை டொல்பி பொத்தானை அழுத்தி ஓடவிட்டால் மேல் ஒலிகள் அழுந்திப்போகும்.

பதிந்த கருவியின் தலையும் இங்கே வாசிக்கும் கருவியின் தலையும் ஒரே கோணத்தில் இருப்பதில்லை. அதனாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மிக மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் 'ச', 'ஸ' ஒலிகள் திடீரெனத் தெளியும். அந்த இடம்தான் சரியான கோணம். இதைக் கணனியில் பின்னர் சரிசெய்ய முடியாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

பிரதியை 24 பிற், 48 அல்லது 96 கிலோஹேர்ட்ஸில் வேவ் கோப்பாக எடுங்கள். ஒலியின் உச்சம் எல்லைக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே நிற்கட்டும். ஒரு மணி நேரக் கசெற் 48 கிலோஹேர்ட்ஸில் ஏறக்குறைய 1 கிகாபைற் இடம் பிடிக்கும். அந்த மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். மூன்று பிரதிகள் இருக்கட்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒலியை மூலமாக வைத்துத் திருத்தத் தொடங்க வேண்டாம். அது அனுப்பும்போதே ஒலியை நசுக்கிவிடுகிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

எல்லா இரைச்சலுக்கும் ஒரே மருந்து கிடையாது. இரைச்சலை அடையாளம் கண்ட பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

தொடர்ந்து "சூ..." என்று கேட்பது நாடாவின் சீறல். அது மேல் அதிர்வெண்கள் முழுவதும் பரவியிருக்கும். "ம்ம்..." என்று அடியில் கேட்பது மின்சார ரீங்காரம். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், கனடாவில் 60 ஹேர்ட்ஸ். எனவே ரீங்காரம் எந்த நாட்டில் ஏறியது என்பதைக் கணனித் திரையிலேயே பார்க்கலாம். 60, 120, 180 என்று கோடுகள் தெரிந்தால் அது அம்மம்மாவின் வீட்டில் ஏறியதல்ல. உங்கள் மொன்றியல் வீட்டின் வயரிலிருந்து வருகிறது. வேறு வயர் போட்டு, வேறு செருகியில் செருகி, மீண்டும் ஒருமுறை பிரதி எடுங்கள். 50, 100, 150 என்று தெரிந்தால் அது ஊரில் நாடாவோடு சேர்ந்தது. அதைக் கணனியில்தான் எடுக்க வேண்டும்.

ஒலி உடைந்து கரகரப்பது வேறு வகை. மைக்குக்கு மிக அருகில் உரத்துப் பாடும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. அதற்குத் தனிக் கருவி உண்டு, ஆனால் ஓரளவுக்குத்தான் சரிவரும். அறையின் எதிரொலியை எடுப்பது எல்லாவற்றிலும் கடினம். தொலைபேசியில் பாடியதைப் பதிந்த நாடாக்களும் எங்களிடம் வருகின்றன. பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையே கொண்டுவரும். அதற்கு வெளியே இருந்தது நாடாவில் ஏறவேயில்லை. இல்லாததை எந்த வடிகட்டியும் திருப்பித் தராது. அந்தப் பதிவுகளில் சொற்கள் விளங்கினால் அதுவே வெற்றி என்று நிற்க வேண்டும்.

வேகமும் சுருதியும்

இசையோடு சேர்க்க முன்பு குரல் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

மேலே சொன்ன 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் இங்கே உதவிக்கு வருகிறது. நாடாவில் அது 53 ஹேர்ட்ஸில் நின்றால், நாடா ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு வேகமாக ஓடுகிறது. நூற்றுக்கு ஆறு என்றால் சுருதியில் அரைக் கட்டை. 50ஐ 53ஆல் வகுத்து வரும் 0.943 மடங்குக்கு வேகத்தைக் குறைத்தால் சுருதியும் காலமும் ஒன்றாகத் தம் இடத்துக்கு வரும். சுருதியை மட்டும் மாற்றும் கருவியைப் பாவிக்காதீர்கள். வேகத்தையே மாற்ற வேண்டும். ஊர் மின்சாரமும் எப்போதும் துல்லியமாக 50இல் நின்றதில்லை, ஜெனரேற்றர் என்றால் இன்னும் மாறும். ஆகவே கணக்கு முடிந்த பிறகு அந்தக் குரலை அறிந்த ஒருவரைக் கேட்க வையுங்கள்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பதிந்த நாடாக்களில் இந்த ரீங்காரம் பெரும்பாலும் இருக்காது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. தேய்ந்த பற்றரியில் பதியும்போது மோட்டர் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்து பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் மேலே போகும். முதற் பாட்டில் அம்மம்மாவாக இருப்பவர் மூன்றாவது பாட்டில் சின்னப் பிள்ளை போலக் கேட்பது இதனால்தான். இப்படியான நாடாவில் ஒரே அளவு திருத்தம் பொருந்தாது. பாட்டுக்குப் பாட்டு, சில வேளை அடிக்கு அடி, வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பின்னால் சுருதிப் பெட்டியோ கோயில் மணியோ கேட்டால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

திருத்தும் ஒழுங்கு

வேலையின் ஒழுங்கு முக்கியம். நாங்கள் பின்பற்றுவது இது:

1. உடைந்த ஒலியையும் சொடுக்குகளையும் முதலில் சரிசெய்தல். வடிகட்டிகளைப் போட்ட பிறகு அலையின் வடிவம் மாறிவிடுவதால் வெட்டுப்பட்ட இடங்களைக் கருவியால் அடையாளம் காண முடியாது.

2. வேகத்தைச் சரிசெய்தல்.

3. ரீங்காரத்தை எடுத்தல். 50, 100, 150 ஹேர்ட்ஸில் மிக ஒடுக்கமான வெட்டு. ஆண் குரலின் அடி ஒலியும் 100, 150 பக்கத்தில்தான் இருக்கிறது. வெட்டு அகன்றால் தாத்தாவின் குரல் மெலிந்துவிடும்.

4. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடித்தல். 'ப' ஒலிக்கும்போது மைக்கில் அடிக்கும் காற்றும் மேசை அதிர்வும் இதில் போய்விடும். பெண் குரல் என்றால் 100 வரை போகலாம்.

5. சீறலைக் குறைத்தல். ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளிலேயே இது உண்டு. பாட்டோ மூச்சொலியோ கேட்காத ஒரு விநாடியைத் தெரிந்து, "இதுதான் இரைச்சல்" என்று காட்டி, முழுவதிலும் 6 முதல் 10 டெசிபெல் மட்டும் குறைக்க வேண்டும்.

6. ஈகுவலைசர், பின்னர் மெல்லிய கொம்பிரெசர், 'ச', 'ஸ' கூர்மையாகக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் சிறிது தணிப்பு.

இதில் ஐந்தாவது படியில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். சீறல் குறையக் குறைய ஆசை கூடும். 20 டெசிபெல், 30 டெசிபெல் என்று போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும், சொற்களின் ஓரத்தில் பறவை கீச்சிடுவது போன்ற ஒரு ஒலி ஒட்டிக்கொள்ளும். எடுத்த இரைச்சலை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி மென்பொருளில் உண்டு. அதைக் கட்டாயம் பாவியுங்கள். எடுத்ததற்குள் சொற்கள் கேட்டால் குரலையும் சேர்த்து எறிகிறீர்கள் என்று அர்த்தம்.

தமிழுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். 'ல', 'ள', 'ழ' மூன்றையும் காது பிரித்தறியும் குறிப்புகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. சீறலுக்குப் பயந்து அந்தப் பகுதியைத் தணித்தால் பாட்டின் 'ழ' எல்லாம் 'ல' ஆகிவிடும்.

எது இரைச்சல்?

இந்த வேலையில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கசெற். 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பதிந்தது. அம்மம்மா தாலாட்டுப் பாடுகிறார். பின்னால் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது, சேவல் கூவுகிறது, இரண்டு இடத்தில் யாரோ இருமுகிறார்கள். பேத்தியின் வயலினோடு சேர்க்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கவனமாக எடுத்தோம். ஐந்து மாலைகள் போயின. பேத்திக்கு நல்ல சந்தோசம். பிறகு அவருடைய அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தோம். அவர் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். பிறகு மகளிடம், "ஐயா இருமினது எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த இருமல் அவருடைய தகப்பனாருடையது. அவர் ஒரு சொல்லும் கதைத்ததாக எந்தப் பதிவும் அந்தக் குடும்பத்திடம் இல்லை. அந்த இரண்டு இருமல்தான் அவரிடமிருந்து மிஞ்சிய ஒலி. நாங்கள் அதை இரைச்சல் என்று எடுத்து எறிந்திருந்தோம்.

மூலப் பிரதியில் கை வைக்காததால் மீண்டும் தொடங்க முடிந்தது. இருமல் இரண்டும் திரும்பி வந்தன. கப்பியையும் சேவலையும் தணித்தோம், ஆனால் முற்றாக எடுக்கவில்லை. வயலின் இருமல் வரும் இடங்களில் நின்று, பிறகு தொடர்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு வடிகட்டியையும் போட முன்பு, மூல ஒலியைக் குடும்பத்தில் வயதில் மூத்த ஒருவரோடு இருந்து முழுமையாகக் கேட்கிறோம். பின்னால் கேட்பது யார், எது, எந்த இடம் என்று நேரத்தோடு எழுதி வைக்கிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர்கள் சொல்கிறார்கள்.

கணனி பிரித்துத் தரும் குரல்

குரலும் வாத்தியமும் ஒரே நாடாவில் கலந்திருந்தால் முன்பு ஒன்றும் செய்ய முடியாது. இன்று முடிகிறது. இதற்கு உலகறிந்த உதாரணம் பீற்றில்ஸ் குழுவின் 'நவ் அன்ட் தென்' என்ற பாட்டு. ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் தன் வீட்டில் பியானோவோடு பாடிக் கசெற்றில் பதிந்தது. அவர் 1980இல் கொல்லப்பட்டார். மற்ற மூவரும் 1995இல் அதை முடிக்க முயன்று, பியானோவிலிருந்து குரலைப் பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். பின்னர் பீற்றர் ஜக்சனின் குழு ஓர் ஆவணப்படத்துக்காக உருவாக்கிய இயந்திரக் கற்றல் முறையால் அந்தக் குரல் தனியாகப் பிரிக்கப்பட்டது. பாட்டு 2023 நவம்பரில் வெளிவந்தது. அதுவும் எங்கள் கசெற்றுகளைப் போல ஒரு வீட்டுக் கசெற்தான்.

இப்போது டெமக்ஸ், ஸ்ப்ளீற்றர் போன்ற இலவசக் கருவிகள் யாருக்கும் கிடைக்கின்றன. ஆனால் இவை எதைக் கேட்டுப் படித்தவை என்பதை மறக்கக்கூடாது. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும்படி, பெரும்பாலும் மேற்கத்தைய பாட்டுகளைக் கொண்டு பழக்கப்பட்டவை. நாதஸ்வரத்தையோ வயலினையோ அவை குரலென்று எண்ணிவிடக்கூடும். மிருதங்கத்தின் ஒரு பாதி ஓரிடத்துக்கும் மறு பாதி இன்னோரிடத்துக்கும் போகக்கூடும். கதைக்கும் குரலைத் தெளிவாக்கவென்று வந்த கருவிகள் இன்னும் ஆபத்து. நீட்டிப் பிடித்த ஒரு சுரத்தை, அசையாத ஒலி என்பதால், இரைச்சலென்று விழுங்கிவிடலாம். பிரித்து வந்த குரலை மூலத்தோடு ஒப்பிட்டு அடியடியாகக் கேளுங்கள். அடியில் மூலத்தையும் மெல்லிய அளவில் கலந்துவிட்டால் பிரிப்பில் விழுந்த ஓட்டைகள் மறையும்.

சுருதி திருத்தும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை குரலை அருகிலுள்ள சுரத்தானத்துக்கு இழுத்து நிறுத்துபவை. எங்கள் பாட்டில் கமகம் என்பதே சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான அசைவுதான். அதை நேராக்கினால் பண்ணும் இல்லை, பாடியவரும் இல்லை.

இசையோடு சேர்க்கும்போது

குரல் முதலில், வாத்தியம் பிறகு. மூத்தவர்கள் மெற்றனோம் வைத்துப் பாடவில்லை. அவர்கள் பாடியதை வெட்டி ஒட்டி ஒரே காலத்துக்குள் இழுத்தால் மூச்சு எடுத்த இடங்கள் குலையும். வாத்தியக்காரர் அந்தக் குரலைக் காதணியில் கேட்டு, அதன் போக்கில் வாசிக்க வேண்டும். சுருதியும் அப்படியே. வேகம் சரிசெய்த பிறகு அவர் எந்தச் சுருதியில் பாடியிருக்கிறாரோ அதற்கு வயலினை ஏற்றியோ இறக்கியோ கொள்ளுங்கள்.

பழைய குரலின் தெளிவு 1 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை உள்ள ஒடுங்கிய பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியில் வாத்தியங்களைத் தணித்து வழிவிடுங்கள். தம்புரா ஒன்று அடியில் ஓடினால் மிஞ்சிய சீறலின் பெரும்பகுதி அதற்குள் மறைந்துவிடும். ஆகவே சீறலை முழுதாக எடுக்க வேண்டிய தேவையே இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒலியை முற்றாக அடைத்துவிடாதீர்கள். குரலோடு சீறல் வந்து குரலோடு சீறல் போனால் காது அதையே கவனிக்கும். ஒரே அளவில் தொடர்ந்து இருந்தால் சில நொடிகளில் மறந்துவிடும். புதிதாகப் பதிந்த வயலின் கூர்மையாக ஒலித்தால் அதன் மேல் ஒலிகளைச் சற்றுத் தணித்து, இரண்டுக்கும் ஒரே அளவு றிவேர்ப் போட்டால் ஒரே அறையில் இருப்பது போல வரும்.

எங்கே நிறுத்துவது?

பாடாத பாட்டையும் அந்தக் குரலில் பாட வைக்கலாம் என்ற காலம் வந்துவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். 2024 ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், அதே ஆண்டு 'கோட்' படத்தின் ஒரு பாட்டில் இதே போன்ற முறையில் ஒலித்தது.

இது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அது வேறு வேலை என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். நாடாவில் இருந்ததைக் கேட்கத்தக்கதாக்குவது ஒன்று. நாடாவில் இல்லாததை உண்டாக்குவது இன்னொன்று. இரண்டும் ஒரே கோப்பில் கலந்து, 20 வருடத்துக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளை "இது பூட்டி பாடியது" என்று நம்பக்கூடாது. அப்படி எதாவது செய்தால் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். குரலுக்கு உரியவரின் பிள்ளைகள் எல்லோரையும் கேட்டுச் செய்யுங்கள்.

இன்றைக்கே பதிந்து வையுங்கள்

திருத்துவதைவிட நன்றாகப் பதிவது எளிது. உங்கள் வீட்டில் இன்னும் பாடக்கூடிய ஒரு மூத்தவர் இருந்தால் இந்த வாரமே பதியுங்கள். கைத்தொலைபேசி போதும். வெறுமையான பேஸ்மென்ற் வேண்டாம், சீமெந்துச் சுவர் எதிரொலிக்கும். குளிர்கால ஜக்கெற்றுகள் தொங்கும் அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் அவரை இருத்துங்கள். மொன்றியல் வீட்டில் இதைவிட நல்ல ஒலிப்பதிவுக் கூடம் கிடையாது. அவர் அலுமாரிக்கு முதுகு காட்டி இருக்கட்டும், தொலைபேசி அவருக்கு முன்னால் இருக்கட்டும். குரல் பட்டுத் திரும்பும் எதிர்ச் சுவரில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள்.

ஹீற்றரையும் குளிர்சாதனப் பெட்டியையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிறகு மறக்காமல் போடுங்கள். பனி அள்ளும் வண்டிகளின் சைரன் கேட்கும் இரவு வேண்டாம். தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். பாட்டுத் தொடங்க முன்பு பத்து விநாடி எல்லோரும் பேசாமல் இருங்கள். பின்னர் இரைச்சலை எடுக்க அந்தப் பத்து விநாடி உதவும்.

கௌஹர் ஜான் செய்தது போலப் பெயரையும் சொல்ல வையுங்கள். பெயர், பிறந்த ஊர், இன்றைய திகதி, இந்தப் பாட்டை யாரிடம் படித்தார் என்பது. எங்களிடம் வரும் நாடாக்களில் யார் பாடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாதவையும் உண்டு.

வெளியே பகிரக்கூடிய பாட்டாக இருந்தால், குடும்பத்தின் சம்மதத்தோடு, 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தின் பல்லூடகச் சேகரமான ஆவணகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். திருத்தியதை மட்டும் கொடுக்காதீர்கள். இரைச்சலும் இருமலும் உள்ள மூலப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.